மலைச்சரிவில் ஒரு கீழ்த்தளம்: ஊழ் எது, வினை எது?

நீலகிரியில் சமதரை அரிது. வீடு கட்டுகிறவர் சரிவின் மேல்பக்கத்தை வெட்டுகிறார். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி நிரப்புகிறார். அப்படித்தான் ஒரு மனை உண்டாகிறது. சாலையை ஒட்டிய தளத்தில் வாசல் அமைகிறது. அதற்கும் கீழே, முதுகை மண்ணில் சாய்த்து முகத்தைப் பள்ளத்தாக்குக்குக் காட்டியபடி இன்னொரு தளம் அமைகிறது. ஊட்டியிலும் குன்னூரிலும் உள்ள கீழ்த்தளங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சமவெளி நகரங்களில் நாலு பக்கமும் மண் சூழ்ந்து கிடக்கும் பாதாள அறை வேறு, இது வேறு. இதில் ஒரு பக்கமாவது காற்றும் வெளிச்சமும் உண்டு.

மழைக்காலத்தில் இந்தத் தளத்துக்குள் தண்ணீர் வரும். வந்து வடிந்த பிறகு வீட்டுக்காரர் கேட்பது, இனி என்ன தரை போடுவது என்பது. டைல்ஸா, கடப்பா கல்லா, வினைலா, எபாக்சியா? இந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொன்று நிற்கிறது. வந்த தண்ணீர் யாருடைய செயல்? கடவுளுடையதா, ஊழா, மலையின் இயல்பா, வெட்டியவருடைய வினையா? கடைக்குப் போய்த் தரையைத் தேர்ந்தெடுப்பவர் இதற்கு ஏற்கெனவே ஒரு பதிலை மனத்தில் வைத்திருக்கிறார். இனி வராது என்று நம்புகிறவர் மரப்பலகை வாங்குகிறார். வந்தே தீரும் என்று துணிந்தவர் வெறும் சிமெண்டோடு விட்டுவிடுகிறார். வரவிடவே கூடாது என்று சபதம் எடுத்தவர் பூச்சுகளுக்குப் பணத்தைக் கொட்டுகிறார். மூன்றும் மூன்று சமயக் கொள்கைகள் என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் மழையையும் மண்ணையும் பார்த்துவிட வேண்டும். நீலகிரிக்கு இரண்டு பருவமழைகளும் உண்டு. கூடலூர், தேவாலா, குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. 2009 நவம்பர் 10-ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. அந்த வாரத்து மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் மழை 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஊட்டியில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு நாளின் கனம் விளங்கும்.

பெய்யும் நீரெல்லாம் மேலோடு ஓடிவிடுவதில்லை. அடியில் சார்னோகைட் என்னும் கடும்பாறை. அதன்மேல் காலங்காலமாக மக்கி இறங்கிய செம்மண் போர்வை. நீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியின்றிச் சரிவின் போக்கில் பக்கவாட்டில் நகரும். நகரும் வழியில் யாரோ மலையை வெட்டி ஒரு சுவர் எழுப்பியிருந்தால், அங்கே தேங்கும். பிறகு சுவர் வழியாகவும், சுவரும் தரையும் சேரும் மூலை வழியாகவும் உள்ளே வரும். ஆக, கீழ்த்தளத்துக்குள் வரும் நீர் பல சமயம் வெள்ளமே அல்ல. மலைக்குள் என்றும் ஓடிக்கொண்டிருந்த நீர்தான் அது. அதன் பாதையில் இப்போது ஓர் அறை இருக்கிறது.

ஊட்டி நகரத்தின் தாழ்ந்த பகுதியில் கதை சற்று மாறும். ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளை அணைகட்டி ஏரியை உண்டாக்கினார். அந்த ஏரி அன்று இன்றைவிடப் பெரிது. பிற்காலத்தில் அதன் ஒரு பகுதி தூர்க்கப்பட்டு, குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் எழுந்தன. கோடப்பமந்து கால்வாய் இன்றும் நகர நீரை ஏரிக்குக் கொண்டுபோகிறது. பெருமழையில் அது நிரம்பினால் தாழ்ந்த சாலைகளில் தண்ணீர் நிற்கிறது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில் தண்ணீர் நிற்பதற்குத் தெய்வக் குற்றம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் தேடுவது மனித இயல்பு. தேடியவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், இந்த நிலநடுக்கம் தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். அங்கிருந்து சில நாட்களில் நீலகிரிக்கு வந்து குன்னூரில் தங்கினார், ஊட்டியிலும் பேசினார். அதே நாட்களில் தாகூர் தம் மறுப்பை எழுதி அனுப்பினார். காந்தி அதை மறைக்கவில்லை. பிப்ரவரி 16-ஆம் தேதி ‘ஹரிஜன்’ இதழில் தம் பதிலோடு சேர்த்து வெளியிட்டார்.

தாகூரின் வாதம் நேரானது. இயற்கைச் சீற்றத்துக்குக் காரணம் இயற்கைக்குள்ளேயே இருக்கிறது. நம் பாவங்கள் எவ்வளவு பெரியவையானாலும் படைப்பின் கட்டுமானத்தையே சரிக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. நல்லொழுக்கம் கற்பிக்கக் குழந்தைகளையும் ஒடுக்கப்பட்டவர்களையும் சேர்த்துக் கொல்லும் கடவுள், மனிதனைவிடக் கீழான ஒழுக்கம் உள்ளவர் ஆகிவிடுவார். இதோடு ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: இதே வாதத்தைத் திருப்பி, தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் கடவுள் கோபித்தார் என்று மறுதரப்பு சொன்னால் என்ன பதில்? காந்தி தம் நம்பிக்கையிலிருந்து இறங்கவில்லை. இறைவனின் எல்லா விதிகளையும் மனிதன் அறியமாட்டான். பருப்பொருளுக்கும் ஆன்மாவுக்கும் இடையே பிரிக்க முடியாத தொடர்பு உண்டு என்பது அவருடைய நிலை.

இந்த விவாதத்தில் தாகூர் பக்கமே நியாயம் கூடுதல் என்று இன்று படிப்பவர் பலருக்கும் தோன்றும். தோன்றுவது சரி. ஆனால் காந்தியின் கூற்றில் ஒரு கூறு எளிதில் தள்ளத்தக்கது அன்று. பேரிடர் வந்தால் நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். பிறரைக் கைகாட்டும் பேச்சு அல்ல அது. பிழை சோதனையில் இல்லை, கண்ணியைத் தவறான இடத்தில் பூட்டியதில் இருக்கிறது. தீண்டாமைக்கும் நிலநடுக்கத்துக்கும் கண்ணி கிடையாது. தீண்டாமைக்கும், ஊரின் தாழ்ந்த ஓரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கும் கண்ணி உண்டு. வெள்ளம் அந்த ஓரத்துக்குத்தான் முதலில் வரும். இப்படித் திருத்திப் படித்தால் காந்தியின் கேள்வி உயிரோடு இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே திருத்தத்தைச் செய்தவர் ரூசோ. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது, நல்ல கடவுள் இதை எப்படி அனுமதித்தார் என்று வோல்டேர் ஒரு கவிதையில் கேட்டார். மறு ஆண்டு ரூசோ அவருக்குக் கடிதம் எழுதினார். ஆறேழு மாடிகளோடு இருபதாயிரம் வீடுகளை அந்த இடத்தில் இயற்கை கொண்டுவந்து வைக்கவில்லை என்றார். ஒருவர் தம் துணிக்கும், ஒருவர் பத்திரங்களுக்கும், ஒருவர் பணத்துக்கும் திரும்பிப் போனதால் எத்தனை பேர் இறந்தார்கள் என்றும் கேட்டார். கடவுளின் வழக்கை விசாரிக்கும் முன் கட்டடத்தின் வழக்கை விசாரிக்க வேண்டும் என்பது இதன் சாரம். பேரிடர் ஆய்வு இன்று ஒரு தனித் துறை. அதன் முதல் பாடம் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

தமிழ் மரபில் இந்த வழக்கு இன்னும் பழையது, இன்னும் நுட்பமானது. ஒரு முனையில் ஆசீவகர் நின்றார்கள். மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட அவர்கள் நியதியே எல்லாம் என்றார்கள்; வர வேண்டியது வரும், முயற்சி அதில் ஒன்றையும் கூட்டாது, குறைக்காது. மணிமேகலையில் சமயவாதிகள் தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் ஆசீவகருக்கும் இடம் உண்டு. சமண நூலான நீலகேசி அவர்களோடு வாதிட ஒரு சருக்கத்தையே ஒதுக்குகிறது. கீழ்த்தளத்துக்கு இக்கொள்கையைப் பொருத்தினால் எந்தத் தரையும் ஒன்றே. ஆனால் அதை வாயால் சொல்பவரும் மழை வலுத்தால் அரிசி மூட்டையைக் கட்டிலின்மேல் தூக்கி வைக்கத்தான் செய்வார். செயலில் யாரும் முழு ஆசீவகராக வாழ முடிவதில்லை.

வள்ளுவர் இரண்டு பக்கமும் பேசுகிறார். அறத்துப்பாலின் இறுதி அதிகாரமான ஊழ், ஊழைவிட வலியது எது என்று கேட்டு முடிகிறது. பொருட்பாலில் வரும் ஆள்வினையுடைமை அதிகாரம், தளராமல் முயல்பவர் ஊழையே புறமுதுகு காட்டச் செய்வார் என்று முடிகிறது. இதை முரண்பாடு என்று சொல்லி நிறுத்துவோர் உண்டு. அதிகாரங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. முதலாவது, தனக்கு நேர்ந்ததை ஒருவன் எப்படித் தாங்குவது என்ற வாழ்க்கைப் பகுதியின் முடிவில் நிற்கிறது. இரண்டாவது, அரசனும் அமைச்சனும் பொருள் செய்பவனும் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் நிற்கிறது. நேர்ந்துவிட்டதற்கு ஊழ், நேரப்போவதற்கு ஆள்வினை. வெள்ளம் வடிந்த காலையில் முதல் அதிகாரம் ஆறுதல் தரும். மேஸ்திரியிடம் பேசும் மாலையில் இரண்டாவதைத்தான் திறக்க வேண்டும். இந்த இரண்டையும் இடம் மாற்றி வைப்பதே பெருந்தவறு. தன் பிழையால் நேர்ந்த இழப்பை நினைத்து வாழ்நாளெல்லாம் தன்னையே நொந்துகொள்பவர் ஒரு வகை. அடுத்த மழைக்குள் செய்யக்கூடியதைச் செய்யாமல் விதி என்று கைவிரிப்பவர் மறு வகை.

சைவ சித்தாந்தம் இதையே கணக்கு எழுதுவதுபோலப் பகுத்துத் தருகிறது. வினை மூன்று: முன் பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் அனுபவத்துக்கு வந்த பிராரத்தம், அதை அனுபவிக்கும்போதே புதிதாகச் சேரும் ஆகாமியம். நுட்பம் மூன்றாவதில் இருக்கிறது. பழைய வினையை ஒருவர் எப்படி அனுபவிக்கிறார் என்பதே புதிய வினையாகிறது. மழை மிகுந்த மலையில் பிறந்தது, பாட்டன் வெட்டிய மனையை வாரிசாகப் பெற்றது, ஏரி தூர்ந்த பகுதியில் கடை அமைந்தது ஆகியவை இன்றைய உரிமையாளர் தேர்ந்தவை அல்ல. ஆனால் அந்தக் கீழ்த்தளத்தை அவர் இன்று என்ன செய்கிறார், எப்படிக் கட்டுகிறார், யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பவை புதிய கணக்கில் ஏறுகின்றன. மறுபிறவியை ஏற்காதவரும் இந்தப் பகுப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்; அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் (192) விதிக்கொள்கைக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. மலையில் பெய்த மழை கல்லை அலைத்து ஓடும் பேராறாக, அதில் போகும் புணையாக உயிர் அங்கே சொல்லப்படுகிறது. நீர்வழி போகிறது புணை, உண்மைதான். ஆனால் புணை தானாக விளைந்த பொருள் அல்ல. யாரோ மரம் தேர்ந்து, கயிறு முறுக்கிக் கட்டியது. ஆறு எங்கே போகிறது என்பது கட்டியவன் கையில் இல்லை. கட்டு அவிழாமல் இருப்பது அவன் கையில் இருக்கிறது. விதியைப் பாடுவதாகச் சொல்லப்படும் பாட்டுக்குள்ளேயே ஒரு கைவினைஞன் ஒளிந்திருக்கிறான்.

பிற சமயங்களும் இந்த இடத்துக்கே வருகின்றன. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் சொன்னதாக ஒரு ஹதீஸ் உண்டு. மத்தேயு நற்செய்தியில் பாறைமேல் வீடு கட்டியவனுக்கும் மணல்மேல் கட்டியவனுக்கும் ஒரே மழைதான் பெய்கிறது.

இனி தரை. இங்கேயும் இரண்டு நெறிகள் மோதுகின்றன. ஒன்று தடுத்தல், மற்றது இடங்கொடுத்தல்.

தடுக்கும் நெறி முதலில் நீரின் எடையை அறிய வேண்டும். வெளியே நீர்மட்டம் தரையின் அடிப்பரப்புக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது ஒரு டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளும். 10 அடிக்கு 12 அடி அறை ஏறத்தாழ 11 சதுர மீட்டர். வெளியே நீர் வெறும் 30 சென்டிமீட்டர் ஏறினாலும் அந்த அறையின் தரையை மூன்று டன்னுக்கு மேல் கீழிருந்து முட்டுகிறது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோதான். அதைவிட முட்டும் விசை அதிகம். தரை வெடிப்பதும் மூலையில் நீர் பீறிடுவதும் இதனால்தான். நீர்புகாத் தன்மை உள்ளது என்று விற்கப்படும் தரைப்பொருள்கள் பெரும்பாலும் மேலிருந்து சிந்தும் நீரைத் தாங்குபவை. கீழிருந்து முட்டும் நீருக்கு அவை பதில் அல்ல.

எபாக்சிப் பூச்சு பளபளப்பானது, கழுவ எளிது. ஆனால் அடியில் உள்ள கான்கிரீட் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஓதம் ஏறும் தரையில் பூசினால் கொப்புளம் கிளம்பி உரியும். விட்ரிஃபைட் டைல் தன்னளவில் நீரை அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. அதன் பலவீனம் இணைப்புகளிலும் ஒட்டியிருக்கும் சாந்திலும் இருக்கிறது. வினைல் விரிப்பும் வினைல் பலகையும் மக்காது, உண்மை. அடியில் புகுந்த நீரை வெளியே விடாமல் மூடிவைத்து அழுக வைக்கும் என்பதும் உண்மை. மரத்தூளை அழுத்திச் செய்த லேமினேட் பலகை ஒருமுறை ஊறினால் உப்பும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. கார்பெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். நனைந்த ஓரிரு நாளில் அதில் பூஞ்சை பிடிக்கும். நீலகிரி மூடுபனியில் அதை உலர்த்த வெயிலுக்கு எங்கே போவது?

ஆனால் இதே மலையில்தான் மக்கள் கார்பெட்டையும் மரத்தையும் விரும்புகிறார்கள். காரணம் குளிர். மார்கழியில் கல்தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. பழைய பங்களாக்களில் மரத்தரையை மண்ணிலிருந்து உயர்த்தி, அடியில் காற்று ஓடச் சுவரில் துளை விட்டுக் கட்டியது இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு. மண்ணோடு முதுகை ஒட்டிய கீழ்த்தளத்தில் அந்த இடைவெளிக்கு இடமில்லை. குளிருக்கு மரம், நீருக்குக் கல் என்ற இரண்டு தேவைகள் ஒரே தரையில் மோதும்போது, கல்லைத் தரையாகவும், கழற்றி எடுக்கக்கூடிய பாயையோ ரப்பர் விரிப்பையோ அதன்மேலும் வைப்பது ஓர் எளிய உடன்பாடு.

இடங்கொடுக்கும் நெறி நீர் வரும் என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. வந்தால் எதையும் கெடுக்காமல் போக வேண்டும், போனபின் சீக்கிரம் உலர வேண்டும். இவ்வளவே அதன் நோக்கம். கடப்பா கல், கோட்டா கல், கிரானைட், நன்றாகத் தேய்த்த சிமெண்ட் ஆகியவை இதற்குப் பொருந்தும். தரையை நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வில் பள்ளத்தாக்குப் பக்கம் வாட்டம் வைத்து, சுவரோரம் ஒரு சிறு வாய்க்கால் விட்டு, வெளியே குழாய் கொடுத்தால், மூலையில் கசியும் நீர் அறைக்குள் பரவாமல் போய்விடும். மின் பிளக்குகள் இடுப்புயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். அலமாரிகளுக்குக் கால் வேண்டும். சென்னையின் பாதாள அறைக்கு இல்லாத ஒரு வசதி மலைவீட்டுக்கு உண்டு. பாதாள அறையில் மோட்டார் இல்லாமல் நீர் வெளியேறாது, பெருமழையில் முதலில் போவது மின்சாரம். இங்கே ஒரு பக்கம் திறந்திருப்பதால், வாட்டம் சரியாக இருந்தால் நீர் தானே இறங்கிவிடும்.

இரண்டு நெறிகளையும் பிணைக்கும் வேலை தரையில் அல்ல, சுவருக்கு வெளியே நடக்கிறது. மேல்சரிவில் ஒரு பள்ளம் தோண்டி, ஜல்லியும் துளைக்குழாயும் இட்டு, மண்ணுக்குள் வரும் நீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடுவது முதல் காரியம். தடுப்புச்சுவரில் நீர்த்துளைகள் விட்டு அவை அடைபடாமல் பார்ப்பது இரண்டாவது. தார்ப்பூச்சோ தார் விரிப்போ சுவரின் வெளிப்புறம், நீர் முட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். உட்புறம் பூசியதை நீரே தள்ளி உரித்துவிடும். இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது, வருகிற விருந்தாளி பாராட்டமாட்டார். அதனாலேயே வீட்டுச் செலவில் இவை கடைசியில் வந்து, பணம் தீர்ந்ததும் விடுபடுகின்றன. டைல்ஸுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கையாவது முதலில் வெளி வடிகாலுக்கு ஒதுக்குபவரே தரையைப் பற்றிச் சரியாக யோசித்தவர்.

இங்கே ஒரு புதிய சிக்கல் எழுகிறது. திருப்பிவிட்ட நீர் எங்கே போகிறது? சமவெளியில் அது தெருவுக்குப் போகும். மலையில் அது கீழ்வீட்டுக்குப் போகிறது. ஒருவர் வைத்த குழாயின் முனை இன்னொருவர் வீட்டுக் கூரைக்கு மேலேயோ தடுப்புச்சுவருக்குப் பின்னாலேயோ முடியலாம். சரிவில் கடைசி வீட்டைத் தவிர ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு மேட்டுக்காரர். இந்தப் பொறுப்பை நீலகிரியின் பழங்குடியினரான தோடர்கள் சமயமாகவே வாழ்ந்தார்கள். 1901–02-இல் அவர்களிடையே ஆய்வு செய்து 1906-இல் நூல் வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், புனிதப் பால்மனைக்கு வேறு நீர், குடியிருப்புக்கு வேறு நீர் என்று தோடர் ஊர்களான மந்துகளில் பிரித்துப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார். ஒரே ஓடையானாலும் இரண்டுக்கும் வெவ்வேறு பகுதிகள். ஓடைக்கு மேல் கீழ் உண்டு, ஓரிடத்தில் செய்வது மற்றோர் இடத்தைத் தொடும் என்ற அறிவு அந்த விதியில் இருக்கிறது. அதைத் தீட்டுப் பற்றிய நம்பிக்கை என்று மட்டும் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

நீதிமன்றங்கள் இதே கேள்வியைத் தெய்வச் செயல் என்ற பெயரில் சந்தித்தன. சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில்பாதையைச் சேதப்படுத்தின. ரயில்வே கம்பெனி இழப்பீடு கேட்டது. 1874-இல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது. பழங்காலம் முதல் ஊருக்காக இருக்கும் ஏரிகளைக் காப்பது அவருடைய கடமை. கவனக்குறைவு இல்லாதபோது உடைப்புக்கு அவர் பொறுப்பல்லர் என்பது தீர்ப்பு. 1917-இல் ஸ்காட்லாந்து வழக்கு ஒன்றில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வேறு திசையில் சொன்னது. கிரீனாக் நகராட்சி, குழந்தைகள் விளையாடக் குளம் அமைப்பதற்காக ஓர் ஓடையின் போக்கை மாற்றியது. அசாதாரண மழையில் நீர் தெருவில் பாய்ந்து ரயில்வேயின் சொத்தைக் கெடுத்தது. மழை அசாதாரணம் என்ற வாதம் எடுபடவில்லை. இயற்கையான நீர்வழியில் கைவைத்தவர், பழைய வழி எவ்வளவு நீரைத் தாங்கியதோ அவ்வளவுக்கும் தாமே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றது சபை. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தால் ஊழுக்கும் வினைக்கும் இடையே ஒரு கோடு கிடைக்கிறது: பொதுத் தேவைக்காக வழிவழியாக இருப்பதைக் கவனத்தோடு காத்தவனிடம் மழைக்குக் கணக்குக் கேட்பதில்லை, தன் வசதிக்காக வழியை மாற்றியவன் கணக்குச் சொல்ல வேண்டும். மலையை வெட்டிய ஒவ்வொரு கீழ்த்தளமும் இரண்டாவது வகையில்தான் சேரும்.

தமிழக அரசு 1990-இல் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தது. நீலகிரியில் கட்டடங்களின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. மேலே ஏற முடியாதபோது கீழே தோண்டும் ஆசை வருவது இயல்பு; அப்படித் தோண்டிய அறைகளில் உரிமையாளர் தாமே படுப்பது அபூர்வம். வாடகை குறைவு என்பதால் வரும் குடும்பங்களும், வேலை தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களும், சீசனில் ஓர் இரவு தங்கும் பயணிகளும் அங்கே படுக்கிறார்கள். சென்ற மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. புதிதாகப் பூசிய சுவரும் புதிய டைல்ஸும் அதைச் சொல்லாது. தரையைப் பற்றிய தத்துவக் கேள்வி இங்கே கூர்மையாகிறது. தனக்கு வரும் துன்பத்தை ஊழென்று ஏற்பது பக்குவமாக இருக்கலாம். தான் அறிந்தே பிறரைப் படுக்கவைத்த இடத்தில் அவர்களுக்கு வரும் துன்பத்தை ஊழென்று சொல்ல எந்தச் சமயமும் இடம் தரவில்லை. வாடகைக்கு விடுபவர் நீர் நின்ற உயரத்தைச் சொல்லியே விட வேண்டும். இரவில் தூங்குவதற்கு அந்த அறையைக் கொடுக்காமல் சாமான் வைக்கவோ வண்டி நிறுத்தவோ பயன்படுத்துவது அதனினும் நன்று.

எந்தத் தரையாலும் தீராத நிலை ஒன்றும் உண்டு. கீழ்த்தளத்தில் கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை அது வடிகாலின் சிக்கல். தெளிந்து வந்தது திடீரென்று கலங்கி மண்ணோடு வந்தாலோ, சுவரில் புதிய விரிசல் ஓடினாலோ, கதவு சட்டத்தில் இறுக ஆரம்பித்தாலோ, முற்றத்தில் பிளவு தெரிந்தாலோ, மின்கம்பமும் மரமும் சாய்ந்தாலோ, நகரத் தொடங்கியிருப்பது மலை. அப்போது டைல்ஸையோ சாமானையோ பார்க்காமல், மேல்வீட்டாரையும் கீழ்வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் வெளியேற வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.